திவால் மனு போட்டாலும் நிற்காதவை: அமெரிக்காவின் தானியங்கித் தடை எதுவரை காப்பாற்றும்?

அமெரிக்காவில் ஒருவர் திவால் மனு தாக்கல் செய்த அந்த நிமிடமே ஒரு தடை அமலுக்கு வந்துவிடுகிறது. அதற்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டாம், நீதிபதி கையெழுத்துப் போடவும் வேண்டாம். கடன் கொடுத்தவருக்குத் தகவல் போய்ச் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நம் ஊரில் ஸ்டே வாங்குவதென்றால் வக்கீலைப் பிடித்து, மனுப் போட்டு, விசாரணைக்கு வரும் நாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே திவால் மனு பதிவான நேரம்தான் தடை தொடங்கிய நேரம். அதனால்தான் தானியங்கித் தடை என்கிறார்கள்.

இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காலை பத்து மணிக்கு வீடு ஏலம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதரைக்கு மனு பதிவாகிவிட்டால் ஏலம் நடத்தக்கூடாது. கிரெடிட் கார்டு நிறுவனம் வழக்குப் போட்டு ஜெயித்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தால், அந்தப் பிடித்தம் நிற்க வேண்டும். வசூல் ஏஜென்டுகளின் தொலைபேசி அழைப்புகள், நோட்டீஸ்கள், நடந்துகொண்டிருக்கும் பண வழக்கு, வங்கிக் கணக்கின் மேல் ஜப்தி, காரைத் தூக்கிப் போக வரும் ஆள் என எல்லாமே நிற்க வேண்டும். மின்சார நிறுவனம்கூடப் பழைய பாக்கிக்காக முதல் 20 நாளைக்கு இணைப்பைத் துண்டிக்க முடியாது. தடையைத் தருவது 1978-இல் வந்த திவால் சட்டத்தின் 362-வது பிரிவு. அந்தச் சட்டம் உருவானபோது, கடன்பட்டவர் மூச்சுவிட நேரம் தருவதே இந்தத் தடையின் நோக்கம் என்று நாடாளுமன்றக் குழுவின் 1977-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது.

நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். கடன் தள்ளுபடியாவது பின்னால் வரும் வேறொரு கட்டம். தடை கடனில் ஒரு டாலரைக்கூடக் குறைப்பதில்லை. அந்த நேரமும் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. 362-வது பிரிவின் முதல் பகுதி எட்டு வகைச் செயல்களைத் தடுக்கிறது. அதற்கடுத்த பகுதியோ இருபதுக்கும் மேற்பட்ட விதிவிலக்குகளை வரிசையாக அடுக்குகிறது. கடன் நெருக்கும்போது மனுப் போட ஓடுகிறவர்களில் பலர் முதல் பகுதியைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டிருப்பார்கள். இரண்டாம் பகுதி அவர்களை வந்து தாக்கும்போது மனு ஏற்கெனவே போட்டாகிவிட்டது, திரும்பப் பெறுவதும் சிக்கல். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இரண்டாம் பகுதியைப் பற்றியதுதான்.

அதற்கு முன் ஒரு சின்ன அடிப்படை. தனிநபர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாப்டர் 7 என்பது, கடன்பட்டவருக்கென்று சட்டம் விட்டுவைக்கும் சொத்துக்கு மேல் ஏதாவது இருந்தால் அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுவிட்டு, மீதிக் கடனைத் தள்ளுபடி செய்வது. பெரும்பாலும் நாலு மாதத்தில் முடிந்துவிடும். சாப்டர் 13 என்பது, சம்பளம் வருகிறவர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு திட்டப்படி மாதாமாதம் கட்டிவருவது. தடை இரண்டிலும் உண்டு. ஆனால் எவ்வளவு நாள் நிற்கும், யாரையெல்லாம் காக்கும் என்பதில் இரண்டும் வேறு வேறு.

பிள்ளைக்கும் மனைவிக்கும் தர வேண்டிய பணம்

குழந்தைப் பராமரிப்புத் தொகையும் ஜீவனாம்சமும் இந்தத் தடைக்குக் கட்டுப்படுவதில்லை. எவ்வளவு தர வேண்டும் என்று தீர்மானிக்கும் வழக்கு தொடரும். தொகையைக் கூட்டிக் குறைக்கும் வழக்கும் தொடரும். நீதிமன்ற உத்தரவுப்படி சம்பளத்திலிருந்து இந்தத் தொகையைப் பிடிப்பது நிற்காது. பாக்கி இருந்தால் வருமான வரி ரீஃபண்டை அரசு எடுத்துக்கொள்ளலாம், ஓட்டுநர் உரிமத்தையோ தொழில் உரிமத்தையோ முடக்கலாம். கிரெடிட் கார்டுக்கான பிடித்தம் நின்ற அதே சம்பளச் சீட்டில் பிள்ளைக்கான பிடித்தம் அப்படியே இருக்கும்.

இதில் சட்டம் சரியான பக்கம்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன். திவாலின் சுமையைச் சுமக்க வங்கிக்குத் தோள் இருக்கிறது, ஆறு வயதுப் பிள்ளைக்கு இல்லை.

விவாகரத்து வழக்கும் தொடரலாம். திருமணத்தை முறிப்பது, குழந்தை யாரிடம் இருப்பது, குடும்ப வன்முறைப் புகார் எல்லாம் நடக்கும். கணவன் மனைவி சொத்தைப் பிரிப்பது மட்டும், அது திவால் வழக்கின் கீழ் வந்த சொத்தாக, அதாவது மனுவால் திவால் கணக்கில் சேர்ந்த சொத்தாக இருந்தால், திவால் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் நகராது.

கிரிமினல் வழக்குகள் நிற்காது. காசோலை மோசடி என்று அரசுத் தரப்பு வழக்குப் போட்டிருந்தால், அந்தப் பணமும் திவால் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லி அதை நிறுத்த முடியாது. வரித்துறை கணக்கைத் தணிக்கை செய்யலாம், கூடுதல் வரி நோட்டீஸ் அனுப்பலாம், கணக்குத் தாக்கல் செய்யாத ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்கலாம், வரியை மதிப்பிட்டு நிர்ணயிக்கலாம். ஆனால் பழைய வரி பாக்கிக்காகச் சம்பளத்தையோ வங்கிக் கணக்கையோ பிடுங்குவது நிற்க வேண்டும். ஓய்வூதியக் கணக்கிலிருந்து நீங்களே எடுத்த கடனுக்கான பிடித்தமும் தொடரும். அரசு தன் ஒழுங்குமுறை அதிகாரத்தில் எடுக்கும் நடவடிக்கையும் அப்படித்தான்: கட்டட விதி மீறலைச் சரிசெய்யச் சொல்லலாம், ஆனால் தீர்ப்பான அபராதப் பணத்தை வசூலிக்க முடியாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தேதியில் எல்லாம் மாறிவிடுகிற விஷயம் இது.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறார், இன்னும் தீர்ப்பு வரவில்லை. இந்த நிலையில் திவால் மனுப் போட்டால் அந்த வழக்கு நிற்கும். வீட்டுக்காரர் திவால் நீதிமன்றத்துக்கு வந்து அனுமதி கேட்டால்தான் மேற்கொண்டு போக முடியும். ஆனால் மனுப் போடுவதற்கு முதல் நாளே, வீட்டை ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்துவிட்டிருந்தால், காலி செய்ய வைக்கும் வேலை தடையைத் தாண்டித் தொடரலாம். 2005-இல் சட்டத்தைக் கடுமையாக்கியபோது நுழைத்த விதிவிலக்கு இது.

அதற்கும் ஒரு சின்ன வழி விட்டு வைத்திருக்கிறார்கள். தீர்ப்புக்குப் பிறகும் பாக்கியைக் கட்டிக் குடியிருப்பைக் காப்பாற்றிக்கொள்ள அந்த மாநிலத்துச் சட்டம் இடம் கொடுத்தால், அதை உறுதிமொழியாக எழுதி மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். அடுத்த 30 நாளில் வரப்போகும் வாடகையை நீதிமன்ற அலுவலகத்தில் கட்ட வேண்டும். அப்போது 30 நாள் தடை கிடைக்கும். அந்த 30 நாளுக்குள் முழுப் பாக்கியையும் கட்டி, கட்டியதற்கு இன்னொரு உறுதிமொழியும் தர வேண்டும். வீட்டுக்காரர் ஆட்சேபித்தால் பத்து நாளுக்குள் விசாரணை. மாநிலச் சட்டம் இடம் தராவிட்டால் இந்த வழியே இல்லை. வாடகை பாக்கி இருக்கிறவர் திவால் வக்கீலைப் பார்க்க வேண்டிய நேரம் வழக்கின் முதல் நோட்டீஸ் வந்த அன்று. போலீஸ் வந்து கதவைத் தட்டும் நாளில் போய்ப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

வீட்டைச் சேதப்படுத்தினார், அங்கே போதைப்பொருள் புழங்கியது என்று வீட்டுக்காரர் உறுதிமொழி கொடுத்தால் அது இன்னும் வேகம். குடியிருப்பவர் 15 நாளுக்குள் மறுத்து மனுச் செய்யாவிட்டால் தடை விலகிவிடும்.

கூடக் கையெழுத்துப் போட்டவர்

நம் ஆட்களிடையே இது அடிக்கடி வரும். தம்பிக்குக் கார் லோன் கிடைக்கவில்லை, அண்ணன் கையெழுத்துப் போட்டார். நண்பனின் மகனுக்குக் கல்விக்கடன், மாமா கையெழுத்துப் போட்டார். கடன் வாங்கியவர் திவால் மனுப் போட்டால், தடை அவரை மட்டும்தான் காக்கும். சாப்டர் 7 என்றால் வங்கி அடுத்த நாளே அண்ணனைக் கூப்பிடலாம், அவர் மேல் வழக்குப் போடலாம், அவர் சம்பளத்தைப் பிடிக்கலாம்.

சாப்டர் 13-இல் மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. 1301-வது பிரிவு, கூடக் கையெழுத்துப் போட்ட தனிநபருக்கும் தடையை நீட்டுகிறது. ஆனால் அது குடும்ப, சொந்தச் செலவுக்காக வாங்கிய கடனாக இருக்க வேண்டும். தொழிலுக்கு வாங்கியதற்குப் பொருந்தாது. திட்டத்தில் அந்தக் கடனை முழுதாகக் கட்டுவதாகச் சொல்லவில்லையென்றால், கட்டாத பங்குக்காக அண்ணனிடம் போக வங்கி அனுமதி கேட்கலாம். எந்தச் சாப்டர் என்று முடிவெடுக்கும்போது, கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு யோசியுங்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியும் விடுங்கள். வசூல் ஏஜென்ட் கூப்பிட்டுச் சொல்லித்தான் தம்பி திவாலானது அண்ணனுக்குத் தெரிகிறது என்றால், அந்த உறவு ஒட்டுவது கஷ்டம்.

கடன் கொடுத்தவர் தடையை விலக்கக் கேட்டால்

வீட்டையோ காரையோ ஈடாக வைத்துக் கடன் கொடுத்தவருக்கு, தடையை விலக்கித் தரும்படி கேட்கும் உரிமை உண்டு. இரண்டு காரணங்கள் அதிகம் வரும். ஒன்று, ஈடு வைத்த பொருளின் மதிப்பு நாளுக்கு நாள் குறைகிறது, எனக்குப் பாதுகாப்பு எதுவும் தரப்படவில்லை என்பது. இன்னொன்று, அந்தப் பொருளில் கடன்பட்டவருக்கு மிஞ்சும் மதிப்பு எதுவும் இல்லை, கடன் மறுசீரமைப்புக்கும் அது தேவையில்லை என்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காரின் சந்தை விலை 14,000 டாலர், அதன் மேல் கடன் 19,000 டாலர். மூன்று மாதத் தவணை பாக்கி, காப்பீடும் காலாவதி. சாப்டர் 7-இல் இவருக்கு அந்தக் காரில் மிஞ்சும் மதிப்பு எதுவும் இல்லை. மறுசீரமைப்பு என்பதும் சாப்டர் 7-இல் கிடையாது. நீதிபதி தடையை விலக்குவார் என்றே எதிர்பார்க்கலாம். அதே கார், அதே கடன், ஆனால் சாப்டர் 13. வேலைக்குப் போக அந்தக் கார்தான் வழி. காப்பீட்டைப் புதுப்பித்துத் தவணையும் கட்டத் தொடங்கிவிட்டார் என்றால், தடை நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. கடன் கொடுத்தவர் கேட்ட 30 நாளுக்குள் நீதிமன்றம் தடையைத் தொடரச் சொல்லாவிட்டால், அந்தப் பொருளின் மேல் தடை தானாக விலகிவிடும். ஆகவே இப்படி மனு வந்த தபாலைப் பிரிக்காமல் வைத்துவிடக்கூடாது.

சாப்டர் 7-இல் இன்னொரு பொறியும் இருக்கிறது. கார் போன்ற பொருளை ஈடு வைத்திருந்தால், அதைத் திருப்பித் தரப்போகிறீர்களா, மீட்கப்போகிறீர்களா, கடனை மறுபடி உறுதி செய்து தொடரப்போகிறீர்களா என்று ஒரு படிவத்தில் சொல்ல வேண்டும். மனுப் போட்ட 30 நாளுக்குள், அல்லது கடன் கொடுத்தவர்களின் கூட்டம் அதற்கு முன் வந்தால் அதற்குள். சொல்லாமல் விட்டால் அந்தப் பொருளுக்கான தடை போய்விடும், யாரும் போய்க் கேட்கக்கூட வேண்டாம்.

மனுவுக்கு முன்பே கார் போய்விட்டிருந்தால்? சிகாகோ மாநகராட்சி கட்டாத போக்குவரத்து அபராதங்களுக்காகக் கார்களைப் பிடித்து வைத்திருந்தது. உரிமையாளர்கள் சாப்டர் 13 மனுப் போட்டுவிட்டுத் திருப்பிக் கேட்டபோதும் தரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மனுப் போடும் முன்பே கையில் இருந்த பொருளைச் சும்மா வைத்துக்கொண்டிருப்பது மட்டும், திவால் சொத்தைக் கட்டுப்படுத்தும் செயலாகாது, அந்த வகையில் தடையை மீறியதாகாது என்று 2021 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. காரை மீட்க வேறொரு பிரிவின் கீழ் தனியே கேட்க வேண்டும். முன்பு அதற்கு ஒரு முழு வழக்கே போட வேண்டியிருந்தது. 2024 டிசம்பரிலிருந்து தனிநபர்கள் ஒரு சாதாரண மனுவிலேயே கேட்கலாம் என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். தினக்கூலிக்குக் காரில் போகிற ஒருவருக்கு இந்த மாற்றம் பெரிய விஷயம்.

வங்கிக் கணக்கிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. கடனும் சேமிப்பும் ஒரே வங்கியில் இருந்தால், தன் உரிமையைக் கேட்டு நீதிமன்றம் போகும் இடைக்காலத்தில் வங்கி உங்கள் கணக்கிலுள்ள பணத்தைத் தராமல் நிறுத்திவைக்கலாம் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனுப் போடுவதற்கு முன்பே, கடன் இல்லாத வேறொரு வங்கிக்குச் சம்பளம் போகும்படி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

இரண்டாம் மனு, மூன்றாம் மனு

மிகவும் அடிபடுகிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். 2005-க்கு முன், ஏலத்துக்கு முதல் நாள் மனு, அது தள்ளுபடியானதும் அடுத்த ஏலத்துக்கு முதல் நாள் இன்னொரு மனு என்று இழுத்துக்கொண்டே போனவர்கள் உண்டு. அதை நிறுத்தக் கொண்டுவந்த விதிகள், நேர்மையாகத் தடுமாறியவர்களையும் சேர்த்தே பிடிக்கின்றன.

கடந்த ஓர் ஆண்டுக்குள் உங்கள் திவால் வழக்கு ஒன்று நிலுவையில் இருந்து தள்ளுபடி செய்யப்பட்டிருந்தால், புதிய வழக்கில் தடை 30-வது நாளில் முடிந்துவிடும். நீட்டிக்க வேண்டுமென்றால் மனுச் செய்து, அந்த 30 நாளுக்குள் விசாரணையும் முடிந்திருக்க வேண்டும். 29-வது நாள் மனுவைக் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு இருக்க முடியாது. முதல் வழக்கு ஆவணங்களைத் தராததாலோ, திட்டப்படி கட்டாததாலோ போயிருந்தால், கெட்ட நோக்கத்தோடுதான் வந்திருக்கிறீர்கள் என்று சட்டம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். அதைத் தெளிவான, உறுதியான சான்று காட்டித்தான் உடைக்க வேண்டும். புதிய வேலை, முடிந்துபோன மருத்துவச் செலவு, குடும்பத்தில் கூடுதல் வருமானம் என்று நிலைமை நிஜமாகவே மாறியிருக்கிறது என்பதைத் தாளில் காட்ட வேண்டும்.

ஓர் ஆண்டுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேல் வழக்குகள் அப்படிப் போயிருந்தால், மூன்றாவது மனுவில் தடையே வராது. வேண்டுமென்றால் 30 நாளுக்குள் கேட்டு வாங்கலாம். ஆனால் உத்தரவு வந்த நாளிலிருந்துதான் அது செல்லும். நடுவில் வீடு ஏலம் போயிருந்தால் போனதுதான்.

30-வது நாளில் முடிவது எது என்பதிலேயே நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களுக்கான ஐந்தாவது சர்க்கியூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், கடன்பட்டவருக்கும் அவர் சொந்தச் சொத்துக்கும் உரிய தடைதான் முடிகிறது, திவால் வழக்கின் கீழ் வந்த சொத்துக்கான தடை தொடர்கிறது என்று 2019-இல் சொன்னது. மெய்ன் மாநிலத்தில் எழுந்த வழக்கில், பாஸ்டனும் அடங்கும் முதலாவது சர்க்கியூட் நீதிமன்றம், முழுத் தடையும் முடிகிறது என்று 2018-இலேயே சொல்லியிருந்தது. ஒரே சட்டம், ஒரே வாக்கியம்; ஹூஸ்டனில் இருப்பவருக்கும் பாஸ்டனில் இருப்பவருக்கும் வேறு வேறு பலன். இணையத்தில் யாரோ ஒருவர் சொன்ன அனுபவத்தை நம்பி மனுப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். உங்கள் மாவட்டத்து நீதிமன்றம் என்ன சொல்கிறது என்று அங்கே வழக்காடும் வக்கீலிடம் கேளுங்கள்.

முதல் வழக்கு எப்படிப் போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அவசரத்தில்தான். ஏலத்தை நிறுத்த மனுவை மட்டும் போடுகிறார்கள். மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் கடன் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும் என்பது தெரிவதில்லை. சொத்து, வருமான, கடன் பட்டியல்களை 14 நாளில் தர வேண்டும் என்பதும் தெரிவதில்லை. வழக்கு தள்ளுபடி. அடுத்த ஓர் ஆண்டுக்கு அது கூடவே வருகிறது. இன்னொன்றும் இருக்கிறது: தடையை விலக்கக் கடன் கொடுத்தவர் மனுச் செய்த பிறகு நீங்களாகவே வழக்கைத் திரும்பப் பெற்றால், 180 நாளுக்குப் புதிய மனுவே போட முடியாமல் போகலாம்.

கணவன் ஒரு முறை, மனைவி ஒரு முறை, வீட்டில் கால் பங்கை எழுதி வாங்கிய மைத்துனர் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் போட்டாலும் சட்டம் விடுவதில்லை. இது ஏமாற்றும் திட்டம் என்று நீதிபதி கண்டால், அந்த வீட்டுக்கே இரண்டு ஆண்டுக்குத் தடை கிடைக்காதபடி உத்தரவிடுவார். அது பத்திரப்பதிவில் ஏறிவிட்டால், அந்த வீட்டின் பெயரில் யார் மனுப் போட்டாலும் பலன் இருக்காது.

தடை முடிந்த பிறகு

சாப்டர் 7-இல் கடன் தள்ளுபடி உத்தரவு வந்ததும் தடை முடிகிறது. தள்ளுபடியான கடனுக்காகக் கடன் கொடுத்தவர் உங்களிடம் பணம் கேட்க முடியாது. ஆனால் வீட்டின் மேல், காரின் மேல் இருக்கும் அடமானம் போகாது. தவணை பாக்கி அப்படியே இருந்தால் வங்கி ஏலத்தை விட்ட இடத்திலிருந்து தொடரும். வீட்டைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால், பாக்கியை ஆண்டுக்கணக்கில் பிரித்துக் கட்ட இடம் தருவது சாப்டர் 13. அதிலும் ஏலம் நடந்து முடிவதற்குள் மனு போயிருக்க வேண்டும், மனுவுக்குப் பிந்தைய மாதத் தவணைகளைத் தவறாமல் கட்ட வேண்டும். மனுவுக்குப் பிறகு வாங்கிய புதுக் கடன், புது மருத்துவமனை பில் எதையும் தடை காப்பதில்லை.

அமெரிக்கத் தமிழர்களுக்குத் தனியாக ஒன்று. மனுதாரரின் சொத்து உலகில் எங்கிருந்தாலும் அமெரிக்கச் சட்டப்படி திவால் கணக்கில் சேரும். மதுரையில் அப்பா விட்டுப்போன வீட்டுப் பங்கு, சென்னையில் லோன் போட்டு வாங்கிய ஃபிளாட், ஊர் வங்கியில் இருக்கும் வைப்புத்தொகை எல்லாவற்றையும் பட்டியலில் காட்ட வேண்டும். மறைத்தால் கடன் தள்ளுபடியே மறுக்கப்படலாம், கிரிமினல் வழக்கும் வரலாம். தடை ஏட்டளவில் அந்த ஃபிளாட்டையும் காக்கிறது. ஆனால் அமெரிக்காவில் கிளையோ சொத்தோ இல்லாத ஒரு கூட்டுறவு வங்கி சென்னையில் அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தால், அமெரிக்க நீதிபதியின் உத்தரவு அங்கே எட்டுவது மிகவும் சந்தேகம்.

சரி, தடை உயிரோடு இருக்கிறது, விதிவிலக்கு எதுவும் இல்லை, ஆனாலும் வசூல் ஏஜென்ட் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் என்றால்? தடை இருப்பது தெரிந்தே மீறுகிறவரிடமிருந்து உண்மையான நஷ்டத்தையும் வக்கீல் செலவையும் தனிநபர் கேட்டுப் பெறலாம். மோசமான மீறலென்றால் தண்டனைத் தொகையும் உண்டு. தெரிந்தே என்பதை நிரூபிக்கச் சான்று வேண்டும். வழக்கு எண்ணையும் மனுப் போட்ட தேதியையும் எழுத்தில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, நேரம், எண், பேசியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். சம்பளத்தில் பிடித்தம் நிற்கவில்லையென்றால் கம்பெனியின் சம்பளப் பிரிவுக்கும் அதே கடிதத்தை அன்றே கொடுங்கள். நீதிமன்ற நோட்டீஸ் தபாலில் அவர்களுக்குப் போய்ச் சேருவதற்குள் அடுத்த சம்பளநாள் வந்துவிடும்.